ரப்பருக்கு அடியில் இருக்கும் மரம்

ரப்பர் ஒட்டாத டேபிள் டென்னிஸ் பிளேடு ஒன்றின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நடுவில் வெளிறிய, தடித்த மரம். அதற்கு இருபுறமும் இரண்டிரண்டு மெல்லிய தகடுகள். மொத்தம் ஐந்து அடுக்கு. பேட் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ரப்பரைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். ரப்பர் தேயும், மாற்றிக்கொள்ளலாம். மரம் பல வருடம் கூடவே இருக்கும். அதனால் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது மரத்தைத்தான்.

பிளேடின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. மரங்களுக்கு நடுவே கார்பன் போன்ற நார்களை வைக்கலாம். அந்த அடுக்கு எதுவும் 0.35 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் கையில் இன்று கார்பன் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, ஆடக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கும் கார்பனே வாங்கித் தருகிறார்கள். இது வேண்டாம் என்பேன். பந்து எங்கே பட்டது, எவ்வளவு அழுந்தியது என்பதை முழுக்க மரத்தாலான பிளேடு உள்ளங்கைக்குத் தெளிவாகச் சொல்லிவிடும். கை பழகுவதே அதை வைத்துத்தான்.

இந்த வகைக்கு நல்ல உதாரணம், செக் வீரர் பெட்ர் கோர்பெல் பெயரில் பட்டர்ஃபிளை நிறுவனம் விற்ற ஐந்தடுக்கு பிளேடு. நடுவில் ஆயுஸ், வெளியே லிம்பா. இரண்டுமே மேற்கு ஆப்பிரிக்கக் காட்டு மரங்கள். ஆயுஸ் லேசானது, தடிமனாக வைத்தாலும் எடை ஏறாது. வெளித் தகட்டின் இழை கைப்பிடியோடு நீளவாக்கில் ஓடும், அதற்கு அடுத்த தகட்டின் இழை குறுக்கே ஓடும். இப்படி மாற்றி மாற்றி ஒட்டுவதால்தான் பிளேடு எளிதில் பிளப்பதில்லை, வளைந்துபோவதுமில்லை.

பந்து மோதும்போது பிளேடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. எந்தப் பலகை வளைந்தாலும் அதிகம் இழுபடுவதும் நசுங்குவதும் அதன் வெளிப்பரப்புதான். ஆகவே காகிதம்போல் மெல்லியதாக இருந்தாலும், ஆட்டத்தின் குணத்தில் வெளித் தகட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. லிம்பாவில் பந்து சற்று அமிழ்ந்து கிளம்பும்; டாப் ஸ்பின் போடுகிறவருக்கு இது தோது. கோட்டோ என்ற மரம் கடினமானது. பட்டவுடன் பந்தைத் தள்ளிவிடும். மேசையை ஒட்டி நின்று பிளாக் செய்பவர்கள் அதை விரும்புவார்கள்.

தடிமன் விஷயத்தில் அரை மில்லிமீட்டரைக்கூட அலட்சியப்படுத்தக் கூடாது. ஒரே மரமாக இருந்தால் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 5.5 மி.மீ. பிளேடை 6 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ 30 சதவீதம் ஏறிவிடுகிறது. ஸ்டிகாவின் கிளிப்பர் போன்ற ஏழடுக்கு பிளேடுகள் இன்னும் தடித்தவை. ஓங்கி ஸ்மாஷ் அடிப்பவர்களுக்கானவை. அடுக்கே இல்லாத பிளேடும் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்ற கொரிய வீரர் ரியூ சியுங்-மின், பேனா பிடிப்பில் ஆடியது ஒற்றை ஹினோக்கிப் பலகையில். ஹினோக்கி ஜப்பானிய சைப்ரஸ் வகை. வாசனை உள்ள மரம்.

புதிதாக ஆடுகிறவருக்கு 'ஆல்ரவுண்ட்' என்று குறித்த ஐந்தடுக்கு போதும். ஓரிரு வருடம் ஆடி, டாப் ஸ்பின் கைக்கு வந்த பிறகு வேகமானதற்குப் போகலாம்.

கடையில் ஒரே பெயருள்ள பிளேடுகள் மூன்று நான்கை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மரம் மரத்துக்கு வேறுபடும் என்பதால், ஒன்று 82 கிராம் இருக்கும், இன்னொன்று 92. இருபுறமும் ரப்பர் ஏறினால் இன்னும் 80, 90 கிராம் கூடும். இரண்டு மணி நேரம் ஆடும் மணிக்கட்டு தாங்க வேண்டும். 85 கிராமை ஒட்டி எடுப்பது நல்லது. பிறகு கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, பிளேடின் நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். சுருதி உயர்ந்து கேட்டால் அது விறைப்பானது, தாழ்ந்து கேட்டால் இளக்கமானது. ஒரே எடையுள்ள இரண்டில்கூட இந்த வித்தியாசம் கேட்கும்.

கைப்பிடியில், அடியில் அகலும் ஃப்ளேர்ட் பிடி நழுவாது. ஆட்டத்துக்கு நடுவே பேட்டைத் திருப்பிப் பிடிக்கும் தடுப்பாட்டக்காரருக்கு ஸ்ட்ரெய்ட்தான் வசதி.

வாங்கியதும் ரப்பர் ஒட்டுவதற்கு முன் மெல்லிய வார்னிஷ் ஒரு கை பூசிவிடுங்கள். பூசாத லிம்பாவில், பழைய ரப்பரை உரிக்கும்போது மரச் சிலாம்பும் சேர்ந்து வந்துவிடும்.