கியர் பெட்டியைப் பிரிக்குமுன்

தறியில் நூல் அறுந்தால் நெசவாளர் தறியைப் பிரிப்பதில்லை. முதலில் நாடாவையும் அச்சையும் பார்க்கிறார். வயலில் தண்ணீர் ஏறாவிட்டால் விவசாயி மோட்டாரைக் கழற்றுவதில்லை. முதலில் மடையைப் பார்க்கிறார். இந்தச் சாதாரண விவேகம், சங்கத்து வண்டி பழுதாகும்பொழுது மட்டும் நம்மைவிட்டு அகன்றுவிடுகிறது.

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சங்கத்தில் நேர்ந்ததை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். உரமூட்டைகளை ஏற்றி வரவும், நெல்லைத் தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்குக் கொண்டு செல்லவும் அச்சங்கத்தார் ஒரு பழைய பிக்கப் வண்டியை வைத்திருந்தனர். ஒருநாள் அதில் கியர் விழ மறுத்தது. கியர் பெட்டியை இறக்க வேண்டும் என்று பட்டறையில் கூறினர். 38,000 ரூபாய்க்கு மதிப்பீடு வந்தது. நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றியது. அதனைப் பரிசீலித்த நாமும் மறுப்பேதும் கூறவில்லை. சம்பா அறுவடைக் காலம் முழுவதும் வண்டி பட்டறையில் கிடந்தது. அங்கத்தினர்கள் வாடகை வண்டிக்குக் கைப்பணம் கொடுத்தனர். திரும்பி வந்த வண்டியிலோ பழைய குறையே இருந்தது. கிளட்ச் கேபிள் நீண்டு தளர்ந்துபோயிருந்ததே காரணம் என்பதை முடிவில் வேறொரு மெக்கானிக் கண்டுபிடித்தார்.

“இஞ்சினை நிறுத்தினால் கியர் நன்றாகத்தானே விழுந்தது, ஐயா! என்னை யாரும் கேட்கவில்லையே” என்றார் ஓட்டுநர். அந்த ஒரு கேள்வியைக் கேளாதது குழுவின் தவறு மட்டுமன்று, நம் தவறுமாகும். இக்கட்டுரை எழுந்ததும் அதனாலேயே.

இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே இருப்பது கிளட்ச். மிதியை அழுத்தினால் இஞ்சினின் சுழற்சி கியர் பெட்டிக்குச் செல்லாது. அப்பொழுதுதான் கியர் இடரின்றி மாறும். ஆகவே, கியர் பெட்டியின் நோய்போலத் தோன்றுவது பல வேளைகளில் கிளட்சின் நோயாகவே இருக்கும். இரண்டையும் பிரித்தறியச் செலவில்லாத சோதனைகள் உள்ளன.

முதற் சோதனை: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப் பிரேக்கைப் போட்டு, இஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்பொழுது எளிதில் விழுந்து, இஞ்சின் ஓடும்பொழுது மட்டும் விழ மறுத்தால், கிளட்ச் முழுதும் விடுபடவில்லை என்பது பொருள். கேபிள் தளர்ந்திருக்கலாம், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்சாயின் எண்ணெய் குறைந்தோ காற்றுப் புகுந்தோ இருக்கலாம். இரு நிலையிலும் விழாவிட்டால், கியர்த் தண்டின் இணைப்புகளைப் பார்த்த பின்னரே பெட்டியை ஐயுற வேண்டும்.

இரண்டாம் சோதனை காதினால் செய்வது. நியூட்ரலில் இஞ்சின் ஓடுகையில் இரைச்சல் கேட்டு, மிதியை அழுத்தியதும் அது நின்றுவிட்டால், குறை கியர் பெட்டியின் முன் பேரிங்கில் இருக்கக்கூடும். மாறாக, மிதியை அழுத்தும்பொழுது மட்டும் இரைச்சல் எழுந்தால், அது கிளட்ச் பேரிங்கின் குறை.

மூன்றாவது, பாரத்துடன் பாலத்து ஏற்றத்தில் செல்லும்பொழுது கவனிக்க வேண்டியது. இஞ்சினின் வேகம் கூடியும் வண்டியின் வேகம் கூடாமல், கருகிய வாடை வீசினால், கிளட்ச் வழுக்குகிறது. தட்டு தேய்ந்திருக்கலாம், அதன்மேல் எண்ணெய் கசிந்திருக்கலாம், அல்லது மிதியில் இருக்க வேண்டிய சிறு தளர்வு இல்லாதிருக்கலாம். மிதியின்மேல் எந்நேரமும் காலை வைத்திருக்கும் வழக்கமும் இக்கேட்டை விளைவிக்கும்.

நான்காவது, ஒரே ஒரு கியர் மட்டும் நறநறவென்று ஒலித்து விழுந்தாலும், ஓட்டத்தில் தானே கழன்றாலும் பெட்டியினுள் தேய்மானம் இருப்பது பெரும்பாலும் உண்மை. எனினும், பெட்டியைத் தாங்கும் ரப்பரும் கியர் இணைப்பும் தளர்ந்தாலும் கியர் கழலும்.

ஐந்தாவது எண்ணெய். வடிகால் திருகில் நுண்ணிய இரும்புத் தூள் ஒட்டியிருப்பது இயல்பே. பல்லின் துண்டுகள் காணப்பட்டால் பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டும். பின் ஆக்சிலுக்குரிய எண்ணெயைக் கியர் பெட்டியில் ஊற்றலாகாது. அவற்றுள் சில வகைகள் உள்ளேயிருக்கும் பித்தளை வளையங்களைக் கெடுக்கும். கையேட்டில் குறித்த தரமே சரியானது.

நம் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தது. அடுத்த நாள்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதிக் கிராமங்களில் புகுந்ததை யாவரும் அறிவர். கியர் பெட்டியிலும் பின் ஆக்சிலிலும் காற்றுப் போவதற்குச் சிறு துளை உண்டு. சூடான பெட்டி வெள்ளத்தில் இறங்கிக் குளிரும்பொழுது அதன் வழியே நீரை உள்ளிழுக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று அறியலாம். உடனே மாற்றினால் எண்ணெயின் விலையோடு போகும். விட்டுவிட்டால் பேரிங்குகள் துருப்பிடிக்கும்.

கிளட்ச் மிதியே இல்லாத ஆட்டோமாட்டிக் கியர் கொண்ட பிக்கப் வண்டிகளும் இந்நாட்டில் விற்பனைக்கு வந்துள்ளன. 2022-இல் வந்த டயோட்டா ஹைலக்ஸ் அவற்றுள் ஒன்று. இவை பழையனவாகிக் குறைந்த விலைக்கு வரும்பொழுது சங்கங்கள் வாங்க நேரலாம். இவற்றில் இஞ்சினின் ஆற்றலை எண்ணெயே கடத்துகிறது. ஆதலால் முதலில் பார்க்க வேண்டியதும் எண்ணெயே. லிவரை நகர்த்திய பின் வண்டி தயங்கிப் புறப்பட்டால், எண்ணெய் குறைந்திருக்கலாம். எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை வீசினால், உட்தட்டுகள் எரிந்துள்ளன என்று ஐயுறலாம். பேட்டரி வலுவிழந்தாலும் உணர்கருவி கெட்டாலும் கியர் தாறுமாறாக மாறும். ஆதலால் கணினிக் கருவியால் பிழைக் குறியைப் படிக்காமல் பெட்டியைத் திறக்க இசையக்கூடாது. பழுதான வண்டியை, ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்துச் செல்வதும் பெட்டிக்குக் கேடு.

நிர்வாகக் குழுவினருக்கு நமது வேண்டுகோள் இது. பெரிய பழுதுக்குத் தீர்மானம் எழுதுமுன் ஓட்டுநரை அழைத்து விசாரியுங்கள்; அவர் கூறுவதை வண்டிக் குறிப்பேட்டில் பதியுங்கள். மேற்கூறிய சோதனைகளின் முடிவை மதிப்பீட்டுடன் இணையுங்கள். இரண்டாவது பட்டறையிலும் மதிப்பீடு பெறுங்கள். மாற்றப்பட்ட பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். இக்குறிப்புகள் இல்லாத மதிப்பீட்டை இனி நாமும் ஏற்கப்போவதில்லை. அங்கத்தினர்களும் பொதுச் சபையில் இவற்றைக் கேட்கலாம், கேட்க வேண்டும். வீணே செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் பங்காதாயத்திலிருந்தே கழிகிறது.