பழைய லேண்ட் ரோவரின் கியர் விகிதம்: எந்த இடத்தில் மாற்றுவது?

சீரிஸ் லேண்ட் ரோவரை நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்களுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியதும் இடது கை தானாகக் கியர் தண்டுக்குப் போகும். வண்டி நாலாவது கியரில்தான் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கும். நாலாவதில்தான் ஓடுகிறது. ஆனால் எஞ்சின் போடுவது மூன்றாவது கியரின் சத்தம். அதற்கு மேல் போட இன்னொரு கியர் கிடையாது.

இது பழுது இல்லை. 1948இல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவரை வைத்தபோது ரோவர் நிறுவனத்தார் மனதில் இருந்த வாடிக்கையாளர் பிரிட்டிஷ் விவசாயி. வயலில் டிராக்டர் செய்யும் வேலையில் பாதியைச் செய்ய வேண்டும், சந்தை நாளில் ஊருக்கும் போய் வர வேண்டும். சாலை வேகத்தை விட இழுவைதான் முக்கியம். 1958இல் சீரிஸ் 2 வந்தது, 1971இல் சீரிஸ் 3 வந்தது, 1985 வரை உற்பத்தி நடந்தது. அந்த அடிப்படைக் கணக்கு மட்டும் மாறவில்லை.

கணக்கு இதுதான். எஞ்சினின் சுழற்சி முதலில் கியர் பாக்ஸுக்குப் போகிறது. நாலாவது கியரில் அங்கே மாற்றம் எதுவும் இல்லை, ஒன்றுக்கு ஒன்று. அடுத்து டிரான்ஸ்ஃபர் பாக்ஸ். அதன் ‘ஹை’ நிலையில் விகிதம் 1.148. கடைசியாக, ஆக்ஸிலுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியலின் கிரவுனும் பினியனும்: அங்கே 4.7. இவற்றைப் பெருக்கினால் 5.4 வரும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 5.4 சுற்றுச் சுற்ற வேண்டும். 7.50-16 டயர் போட்ட வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,900 சுற்றில் ஓடும், 100 கிலோமீட்டரில் 3,700ஐ நெருங்கிவிடும். 1980க்கு முந்தைய 2.25 லிட்டர் எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குபவை மூன்றே பேரிங்குகள். ஐந்து பேரிங் அதற்குப் பிறகுதான் வந்தது. மணிக்கணக்கில் அந்தச் சுற்றில் ஓட்டுவது மூன்று பேரிங் எஞ்சினுக்கு நல்லதில்லை, உள்ளே உட்கார்ந்திருப்பவரின் காதுக்கும் நல்லதில்லை.

ஆகவே கியரை உயர்த்தலாம், அதாவது அந்த 5.4ஐக் குறைக்கலாம் என்ற எண்ணம் நியாயமானதுதான். ஆனால் பணம் செலவழிக்கும் முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: கியர் மாற்றினால் எஞ்சினின் சக்தி கூடாது. இந்த வண்டியின் முகம் செங்குத்தான சுவர்; 80இலிருந்து 100க்குப் போனால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் இருக்கும் வண்டி என்பதையும் மறக்கக் கூடாது. 80ஐ அமைதியாகவும் அலுப்பில்லாமலும் ஓட்டுவதற்காக விகிதத்தை மாற்றுங்கள். 110இல் பறப்பதற்காக என்றால் வேண்டாம்.

இதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. சமதளச் சாலையில், நாலாவது கியரில், 80இல் வேகத்தை நிலையாகப் பிடியுங்கள். ஆக்ஸிலரேட்டரில் இன்னும் தாராளமாக மிதிக்க இடம் இருந்தால் உயர்ந்த கியரை எஞ்சின் தாங்கும். கிட்டத்தட்ட முழுக்க மிதித்தால்தான் 80 நிற்கிறது என்றால், வேறு எதுவோ குறை. இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர், வால்வு இடைவெளி, கம்ப்ரஷன், ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக் ஷூ, டயரில் காற்று எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். தளர்ந்த எஞ்சினுக்கு உயர்ந்த கியர் போட்டால் அது மூன்றாவதிலேயே ஓடும். போட்ட பணம் வீண்.

இனி, எங்கே மாற்றுவது. பலரும் முதலில் கேட்பது டிஃபரன்ஷியலைப் பற்றித்தான். 1970இல் வந்த ரேஞ்ச் ரோவருக்கு 3.5 லிட்டர் வி8 எஞ்சின் கொடுத்ததால் அதன் டிஃபரன்ஷியல் விகிதத்தை 3.54ஆக வைத்தார்கள். பின்னால் வந்த லேண்ட் ரோவர் 90, 110, டிஸ்கவரி ஆகியவற்றிலும் அதே 3.54. நமக்கு வாய்ப்பான விஷயம், ரோவர் வகை ஆக்ஸில்களில் டிஃபரன்ஷியல் கூடு ஒரே அமைப்பு. சீரிஸ் வண்டியின் 4.7 கூட்டைக் கழற்றிவிட்டு ரேஞ்ச் ரோவரின் 3.54 கூட்டை அதே இடத்தில் மாட்டலாம். ஆக்ஸில் ஷாஃப்ட் முனையில் 10 பல் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் பிற்கால வண்டிகளில் 24 பல்லாக மாற்றிவிட்டார்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் பிடிக்கும் பிளாஞ்ச் பொருந்தாவிட்டால் பழையதிலிருந்து கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். 109 அங்குல வீல்பேஸ் உள்ள சீரிஸ் 3 வைத்திருப்பவர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம். அதன் பின் ஆக்ஸில் சாலிஸ்பரி வகை. ரோவர் கூடு அதற்குள் போகவே போகாது, 3.54 உள்ள சாலிஸ்பரி ஆக்ஸிலையே முழுதாகத் தேட வேண்டும்.

முன்னும் பின்னும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. சீரிஸ் வண்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னால் 4.7, பின்னால் 3.54 என்று வைத்துக்கொண்டு ஃபோர் வீல் போட்டால் இரண்டு ஆக்ஸில்களும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கிக்கொள்ளும். ஏதாவது ஒன்று உடைந்தே தீரும்.

இந்த வழியில் 80 கிலோமீட்டரில் எஞ்சின் சுற்று 2,200 அளவுக்கு இறங்கும். செலவும் குறைவு. ஆனால் டிஃபரன்ஷியல் கடைசிக் கண்ணி என்பதால் அங்கே செய்யும் மாற்றம் எல்லாக் கியரையும் பாதிக்கும், டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் ‘லோ’ நிலை உட்பட. சீரிஸ் 3இல் லோ விகிதம் 2.35, முதல் கியர் 3.68. பழைய டிஃபரன்ஷியலுடன் பெருக்கினால் சுமார் 41, புதியதுடன் 31. எஞ்சின் 1,000 சுற்றில் ஊரும்போது மணிக்கு 3.6 கிலோமீட்டராக இருந்த வேகம் 4.8 ஆகிவிடும். காகிதத்தில் சின்ன வித்தியாசம். பாறையும் குழியுமான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் இறங்கிப் பழகியவருக்கு அது பெரிய வித்தியாசம். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவுக்கு ஏறும் பழைய லேண்ட் ரோவர்களைப் போல மலைப்பாதையே பிழைப்பு என்றால் டிஃபரன்ஷியலைத் தொடவே கூடாது.

பலருக்குத் தெரியாத இன்னொரு விளைவு ஹேண்ட் பிரேக்கில் இருக்கிறது. இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில், ஒற்றை டிரம்மாக இருக்கிறது. அங்கே பிடித்த பிடி டிஃபரன்ஷியல் வழியாக 4.7 மடங்காகப் பெருகிச் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். 3.54 போட்டதும் அதில் கால் பங்கு போய்விடும். முன்பு சரிவில் கெட்டியாக நின்ற வண்டி, அதே ஷூ, அதே டிரம்மோடு மெல்ல நகரத் தொடங்கலாம். ஷூவில் எண்ணெய் கசிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். டிஃபரன்ஷியல் மாற்றுபவர் அதே வேலையில் இந்த டிரம்மையும் திறந்து சுத்தம் செய்து சரிபார்த்துவிடுவது நல்லது.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். அதற்கான கேபிள் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் வெளிச்செல்லும் ஷாஃப்ட்டிலிருந்து கிளம்புவதால் டிஃபரன்ஷியல் மாறியது அதற்குத் தெரியாது. முள் 60 காட்டும்போது வண்டி 80இல் போய்க்கொண்டிருக்கும். மீட்டர் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அளவைத் திருத்தித்தான் சாலையில் இறக்க வேண்டும்.

இரண்டாவது வழி ஓவர்டிரைவ். 1970களில் இங்கிலாந்தின் டாவிஸ்டாக்கில் இருந்த ஃபேரி நிறுவனம் செய்தது இதில் புகழ்பெற்றது. டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்புறத்தில், பிற கருவிகளை ஓட்டுவதற்காக எஞ்சின் சக்தியை எடுக்கும் இடத்தில், ஒரு சின்னப் பெட்டியாகப் போய் உட்காரும். விகிதம் 0.782. தனியாக ஒரு சின்னத் தண்டு. அதைத் தள்ளினால் 5.4 என்பது 4.22 ஆகிறது, 80 கிலோமீட்டரில் சுற்று 2,300க்கு இறங்குகிறது. வேண்டாமென்றால் கிளட்சை மிதித்துத் தண்டை இழுத்துவிட்டால் பழைய வண்டி திரும்பக் கிடைத்துவிடும். லோ கியரின் ஊர்தல், ஹேண்ட் பிரேக்கின் பிடி, ஸ்பீடோமீட்டரின் கணக்கு எதுவும் கெடாது.

இரண்டு வழிகளின் வித்தியாசம் ஏற்றத்தில்தான் நன்றாகத் தெரியும். 3.54 டிஃபரன்ஷியல் போட்ட வண்டியில் மூன்றாவது கியரின் மொத்த விகிதம் 6.1, நாலாவது 4.06. நடுவில் ஒன்றுமில்லை. நீண்ட, மிதமான ஏற்றத்தில் நாலாவதில் எஞ்சின் திணறும், மூன்றாவதுக்கு இறக்கினால் கத்தும். இரண்டுக்கும் நடுவே இருந்த பழைய 5.4தான் அந்த ஏற்றத்துக்கான கியர், அதைத்தான் நாம் கழற்றி வைத்துவிட்டோம். ஓவர்டிரைவ் வண்டியில் மூன்றாவது 8.1, மூன்றாவதோடு ஓவர்டிரைவ் 6.3, நாலாவது 5.4, நாலாவதோடு ஓவர்டிரைவ் 4.2. ஏற்றம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு ஒரு படி இறங்கிக்கொள்ளலாம். 70 குதிரைசக்தி அளவே உள்ள எஞ்சினுக்கு இந்த நடுப்படிகள் பெரிய உதவி.

குறையும் உண்டு. விலை அதிகம். கூடுதல் பற்சக்கரங்களின் மெல்லிய ஊளைச் சத்தம் எப்போதும் கேட்கும். ஓவர்டிரைவுக்குத் தனி எண்ணெய், அதுவும் கொஞ்சமே கொள்ளும். பழைய ஓவர்டிரைவ்கள் பாழாவதற்கு முக்கியக் காரணம் எண்ணெய் வற்றியதை யாரும் கவனிக்காததுதான். எஞ்சின் ஆயிலைப் பார்க்கும் அதே ஒழுங்கோடு இதையும் பார்க்கிறவருக்கு மட்டுமே இது ஏற்றது.

மூன்றாவது வழி டிரான்ஸ்ஃபர் பாக்ஸைத் திறந்து ‘ஹை’ ஜோடிப் பற்சக்கரங்களை மட்டும் மாற்றுவது. லோ தொடப்படாமல் இருக்கும், ஹேண்ட் பிரேக்கும் ஸ்பீடோமீட்டரும் சரியாகவே வேலை செய்யும். ஆனால் ஹையில் எல்லாக் கியரும் உயர்ந்துவிடுவதால் ஏற்றத்தில் பாரத்தோடு கிளம்பும்போது கிளட்சை அதிகம் நழுவவிட நேரும். நடுப்படி இல்லாத குறையும் டிஃபரன்ஷியல் வழியில் உள்ளது போலவே இருக்கும்.

டயர் மாற்றுவது நாலாவது வழி என்று சிலர் சொல்வார்கள். 88 அங்குல வண்டியில் 6.00-16க்குப் பதில் 7.50-16 போட்டால் பத்து சதவீதம் அளவுக்குச் சுற்று குறையும். ஸ்டியரிங் கனக்கும், ஸ்பீடோமீட்டர் மாறும். தேய்ந்த டயரை எப்படியும் மாற்ற வேண்டிய நேரம் என்றால் யோசிக்கலாம்.

என்னைக் கேட்டால், அசல் 2.25 பெட்ரோல் எஞ்சின் உள்ள வண்டிக்கு ஓவர்டிரைவ்தான். அதன் உச்ச இழுவை 2,500 சுற்றில் கிடைக்கிறது. அதற்குக் கீழே போன பிறகு ஏற்றம் வந்தால் ஒரு படி இறங்க வழி வேண்டும். அதே அளவு டீசல் எஞ்சினுக்கு 62 குதிரைசக்திதான், அதற்கு 3.54 போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். டிஸ்கவரியின் 200டிடிஐ டர்போ டீசலை ஏற்கெனவே இறக்கியிருப்பவர்களின் கதை வேறு. 111 குதிரைசக்தியும் குறைந்த சுற்றிலேயே பலத்த இழுவையும் இருப்பதால் அதற்கு 3.54 இயல்பாகப் பொருந்தும். லேண்ட் ரோவரே 1979இல் 109 வண்டிக்கு வி8 எஞ்சின் கொடுத்தபோது டிஃபரன்ஷியலை 3.54ஆக மாற்றியது. 200டிடிஐ இறக்கிய வண்டியில் மட்டும் ஆக்ஸிலரேட்டரை நிதானமாக மிதிக்க வேண்டும், ஏனென்றால் சீரிஸ் கியர் பாக்ஸும் மெலிந்த ஆக்ஸில் ஷாஃப்ட்டும் அவ்வளவு முறுக்கத்துக்காகச் செய்தவை அல்ல.

பழைய டிஃபரன்ஷியல் வாங்கும்போது விற்பவர் 3.54 என்று சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் கையில் இருப்பது கழற்றிய கூடு என்றால் கிரவுன் பற்களையும் பினியன் பற்களையும் எண்ணி வகுத்துப் பாருங்கள். வண்டியிலேயே இருந்தால் ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றும்போது ஷாஃப்ட் மூன்றரைச் சுற்றுச் சுற்றினால் 3.54, ஐந்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 4.7. இந்தச் சோதனைக்கு ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும் என்பதால் மற்ற மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டாலும் ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால் அது இந்த வண்டியைப் பிடித்து நிறுத்தாது. தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொள்ள, தரையில் இருப்பது உருளத் தொடங்கிவிடும்.