சட்டமும் தாயின் உயிரும்

அண்மையில் எங்கள் தோட்டப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "டீச்சர், பிள்ளைத்தாய்ச்சிக்கு உடம்பு எவ்வளவு மோசமானாலும் கருவைக் கலைக்கக்கூடாதாமே? சட்டம் விடாதாமே?" என்று கேட்டார். விடை சொல்வதற்கு முன், அத்தகைய கடுமையான சட்டம் ஒரு நாட்டில் என்ன செய்தது என்பதைப் பார்ப்போம்.

அந்த நாடு அயர்லாந்து. அங்கே 1861-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டப்படியே கருக்கலைப்பு குற்றமாக இருந்தது. 1983-இல் நடந்த பொது வாக்கெடுப்பில், வாக்களித்த மூவரில் இருவர் ஆதரிக்க, அரசியல் சட்டத்தில் எட்டாம் திருத்தம் சேர்க்கப்பட்டது. பிறவாத குழந்தையின் உயிருரிமையும் தாயின் உயிருரிமையும் சமம் என்றது அத்திருத்தம். ஆதரித்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். கருவும் ஓர் உயிர் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆனால் நடைமுறையில், தாய் சாவின் விளிம்புக்கு வந்தால்தான் மருத்துவர் கை வைக்கலாம் என்றாயிற்று. உடல்நலம் கெடும் என்பது மட்டும் போதாது.

இதனால் கருக்கலைப்பு நின்றதா? இல்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அயர்லாந்துப் பெண்கள் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போய் வந்தார்கள். கையில் காசு இல்லாதவளும் படுக்கையில் கிடந்தவளும் என்ன செய்வார்கள்? சட்டத்தின் சுமை அவர்கள் தலையில்தான் விழுந்தது.

2012 அக்டோபரில் கால்வே நகர மருத்துவமனையில் சவிதா ஹலப்பனவர் என்னும் பெண் சேர்க்கப்பட்டார். வயது 31. கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர். 17 வாரக் கரு சிதையத் தொடங்கிவிட்டது. குழந்தை பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. கருவை அகற்றும்படி அவர் கேட்டார். கருவின் இதயம் இன்னும் துடிக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். இரத்தத்தில் நச்சுக் கிருமி பரவி, அக்டோபர் 28-இல் அவர் இறந்தார்.

இதை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய மகப்பேற்று மருத்துவர் சபாரத்தினம் அருள்குமரன். நோயாளியைச் சரிவரக் கண்காணிக்கவில்லை என்பதோடு, இதயத் துடிப்பு நிற்கும்வரை காத்திருக்கவேண்டும் என்ற எண்ணமே மேலோங்கி நின்றது என்றும் 2013-இல் வெளிவந்த அவர்களுடைய அறிக்கை கூறியது. சட்டத்துக்கு அஞ்சிய மருத்துவரின் கை, மருந்தை எடுக்கத் தாமதிக்கும் அல்லவா?

மக்கள் தெருவில் இறங்கினார்கள். இங்கிலாந்துக்குப் போய்வந்ததை வெளியே சொல்லாத பெண்கள் துணிந்து பேசினார்கள். "என் உடலுக்கு நேர்வதை என்னைக் கேட்காமல் முடிவு செய்யலாமா?" என்பதே அவர்களின் கேள்வி. 2018 மே 25-இல் மறுபடியும் வாக்கெடுப்பு நடந்தது. வெளிநாடுகளில் வேலை செய்தவர்களும் கப்பலிலும் விமானத்திலும் ஊர் திரும்பி வாக்களித்தார்கள். நூற்றுக்கு 66 பேருக்கு மேல் திருத்தத்தை நீக்கச் சொன்னார்கள். 2019 ஜனவரி முதல் அங்கே 12 வாரம் வரை கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு. அதன் பிறகும், தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடும் ஆபத்து என்றால் மருத்துவர் செயல்படலாம்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றம் என்கிறது. ஆனால் 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்கு ஒரு விலக்கு உண்டு. கர்ப்பம் தொடர்ந்தால், கலைப்பதைவிட அதிகமாகத் தாயின் உயிருக்கு ஆபத்தோ, உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கேடோ வரும் என்று பதிவு பெற்ற மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதினால், அவர் கருவைக் கலைக்கலாம். முடிவு முழுவதும் பெண்ணின் கையில் இல்லை என்பது உண்மை. ஆயினும் மருத்துவரிடம் போய்க் கேட்பது குற்றமில்லை.

ஆகவே தாய்மார்களே, பயந்து கள்ள மாத்திரையையும் நாட்டு வேரையும் தேடவேண்டாம். கர்ப்பத்தில் காய்ச்சலோ உதிரப்போக்கோ கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் கணவரையோ மாமியாரையோ அழைத்துச் செல்லுங்கள். கணவன்மார்களே, அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். வலி அவளுடையது, அதை மருத்துவரிடம் அவளே சொல்லட்டும்.