130 கேலன் வித்தியாசம்

அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் நடத்துபவர்கள் பலர் மாதக் கடைசியில் ஒரு கணக்குப் பார்ப்பார்கள். தொட்டியில் ஏற்கெனவே இருந்தது எவ்வளவு, லாரியில் வந்து இறங்கியது எவ்வளவு, பம்பில் விற்றது எவ்வளவு, அளவுகோலை விட்டுப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு. சொட்டுக்குச் சொட்டு இது ஒத்துவராது. வெயிலில் பெட்ரோல் விரியும், குளிரில் சுருங்கும், அளவுகோலைப் படிப்பவரின் கண்ணும் தவறும். அதனால் 1988-இல் வந்த கூட்டாட்சி விதி ஒரு சலுகை கொடுத்தது: மாத விற்பனையில் 1 சதவீதம், அதற்கு மேல் 130 கேலன். வித்தியாசம் இதற்குள் அடங்கினால் கசிவு என்று சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஒரு தொட்டியிலிருந்து மாதம் 50,000 கேலன் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 500 கேலனும் 130 கேலனும் சேர்ந்து 630. லிட்டரில் சுமார் 2,385. மாதாமாதம் இவ்வளவு மண்ணுக்குள் போனாலும் ஏடு சுத்தமாகவே இருக்கும். விதி எழுதியவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் இந்த முறையை முதல் 10 ஆண்டுகளுக்கு மட்டும் அனுமதித்து, 5 ஆண்டுக்கு ஒரு முறை தொட்டியின் இறுக்கத்தைச் சோதிக்கவும் சொன்னார்கள். மின்னணுக் கருவி வைத்தால் அது மணிக்கு 0.2 கேலன் கசிவை 95 சதவீத உறுதியோடு பிடிக்க வேண்டும். 0.2 கேலன் என்றால் 757 மில்லி. நாளைக்கு 18 லிட்டர், 30 நாளில் 545 லிட்டர். இதைவிட மெதுவாகக் கசிந்தால் கருவியும் வாய் திறக்காமல் இருந்துவிடலாம்.

வியாபாரிக்கு 545 லிட்டர் சின்ன நஷ்டம். நிலத்தடி நீருக்கு அது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் என்று கொண்டால் ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட 8.8 கிராம் இருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சீன் கூடாது என்பது அமெரிக்க வரம்பு. அந்த 8.8 கிராம், 17.5 லட்சம் லிட்டர் தண்ணீரை வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தும். ஒரு மாதக் கசிவுக்கு இதைப் பெருக்கினால் 95 கோடி லிட்டர்.

இது காகிதக் கணக்கு. நிஜத்தில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி மண்துகளில் ஒட்டும், ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். 1995-இல் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம் கலிஃபோர்னியாவின் கசிவு இடங்களை ஆராய்ந்தபோது, பென்சீன் பரவல் 250 அடியைத் தாண்டுவது அரிது என்று கண்டது. ஆறுதலான செய்திதான். ஆனால் அப்போதே பெட்ரோலில் எம்டிபிஇ என்ற வேதிப்பொருளைக் கலந்துகொண்டிருந்தார்கள். புகையைக் குறைக்க, பல இடங்களில் 11 சதவீதம் வரை. அது தண்ணீரில் எளிதில் கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களுக்கும் லேசில் அடங்காது. ஒரு லிட்டர் பெட்ரோலில் 81 கிராம் எம்டிபிஇ. சுவையும் வாடையும் கெடாமல் இருக்கக் கலிஃபோர்னியா பின்னாளில் வைத்த வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் ஒரே ஒரு லிட்டர் பெட்ரோல் 1.6 கோடி லிட்டர் தண்ணீருக்குப் போதும்.

ஆகவே விற்பனை ஏட்டை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. மண்ணைத் துளைத்துத்தான் பார்க்க வேண்டும். முதலில் பழைய வரைபடங்களைப் பார்த்துத் தொட்டி எங்கே, குழாய் எங்கே என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு கான்கிரீட்டில் துளை போட்டு மண்ணை உருளை உருளையாக எடுத்து, ஆவியை மோப்பம் பிடிக்கும் கைமானியை அதன்மேல் காட்டுகிறார்கள். முள் எகிறும் ஆழத்து மண் ஆய்வகத்துக்குப் போகும். நீரோட்டம் எந்தத் திசையில் என்று அறியக் குறைந்தது 3 கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். 2 அங்குல பிவிசி குழாய், சுற்றிலும் சலித்த மணல், மேலிருந்து அழுக்கு இறங்காதபடி பெண்டோனைட் களிமண் அடைப்பு.

அந்தக் குழாயில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் அது வெறும் 6 லிட்டர். தேங்கியது போய்ப் புதுநீர் ஊறி வர, வழக்கமாக அதைப்போல் மூன்று மடங்கு, 18 லிட்டர், இறைத்துக் கொட்டுவார்கள். கொட்டுவது என்றால் தரையில் அல்ல, பீப்பாயில். அதன்பின் 40 மில்லிக் கண்ணாடிக் குப்பியை விளிம்பு ததும்ப நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளே காற்றுக்குமிழி ஏறினால் வேறு குப்பி எடுக்க வேண்டும். பென்சீன் குமிழிக்குள் நழுவிவிட்டால் ஆய்வகம் உண்மையைவிடக் குறைந்த எண்ணைச் சொல்லும். அமிலம் சேர்த்து, 4 டிகிரிக் குளிரில் வைத்து, 14 நாளுக்குள் சோதித்தாக வேண்டும். இவ்வளவு கவனமும் ஒரு குப்பிக்கு. மழைக்காலத்தில் ஒரு எண், வறட்சியில் வேறொரு எண் வரும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதையே திரும்பச் செய்கிறார்கள்.

தாமதத்துக்கும் விலை உண்டு. சாதாரண மணற்பாங்கில் நிலத்தடி நீர் நாளைக்கு 10 சென்டிமீட்டர் நகர்ந்தால் வருடத்துக்கு 36 மீட்டர் போகும். பங்க்கின் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கிணற்றை எட்ட அது போதும். தொட்டியைச் சுற்றி 10 மீட்டருக்கு 8 மீட்டர், 5 மீட்டர் ஆழத்துக்குத் தோண்ட நேர்ந்தால் 400 கன மீட்டர் மண். கன மீட்டருக்கு 1.7 டன் வீதம் 680 டன். 17 டன் லாரியில் 40 நடை.

பண விஷயத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொன்ன மதிப்பீடு தெளிவானது. மண் மட்டும் கெட்டிருந்தால் ஓர் இடத்துக்கு 10,000 முதல் 1,25,000 டாலர். நிலத்தடி நீர் கெட்டுவிட்டால் 1,00,000-இல் தொடங்கி 10 லட்சத்தையும் தாண்டும். இதற்காக 1986-இல் ஏற்பட்ட கூட்டாட்சி நிதிக்குக் கேலனுக்கு 0.1 சென்ட் வரி பிடிக்கிறார்கள். மாதம் 1,00,000 கேலன் விற்கும் பங்க் ஒன்றிலிருந்து இதற்கு வருடத்துக்கு வருவது 1,200 டாலர். அந்த வரியை மட்டும் வைத்து 1,25,000 டாலர் சேர்க்க 104 ஆண்டு ஆகும்.

ஊர்க்கிணறு கெட்டால் எண்களின் தரமே மாறிவிடும். சான்டா மோனிகா நகரத்தின் கிணறுகளில் எம்டிபிஇ லிட்டருக்கு 610 மைக்ரோகிராம் வரை ஏறியது. 1996-இல் இரண்டு கிணற்றுத் தொகுதிகளை மூடினார்கள். நகரத்தின் குடிநீரில் பாதி போய்விட்டது. வெளியிலிருந்து விலைக்குத் தண்ணீர் வாங்கினார்கள். மூடியவற்றில் ஒன்றான சார்னாக் தொகுதிக்கான புதிய சுத்திகரிப்பு நிலையம் 2011-இல்தான் முறைப்படி திறக்கப்பட்டது. இடையில் 15 ஆண்டுகள். தெற்கு டாஹோ ஏரிப் பகுதியில் 34 கிணறுகளில் 12 நிறுத்தப்பட்டன. எண்ணெய் நிறுவனங்கள் மீதான வழக்கு 2002-இல் 6.9 கோடி டாலரில் முடிந்தது.

நாடு முழுவதும் இதுவரை உறுதியான கசிவுகள் 5.6 லட்சத்துக்கு மேல். 5 லட்சத்துக்கு மேற்பட்டவை சுத்தமாகி முடிந்தன. அது பெரிய சாதனை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2020-களின் தொடக்கத்தில் மீதி சுமார் 60,000. இவற்றோடு புதுக் கசிவுகளும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. 2015-இல் திருத்திய விதி, நிரப்பும் வாயில் உள்ள சிந்தல் தொட்டியை 30 நாளுக்கு ஒரு முறை பார்வையிடவும், 3 ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கவும் சொல்கிறது. அதோடு நிற்கக்கூடாது என்பதே என் கோரிக்கை. எந்தப் பழுதுக்காகக் கான்கிரீட்டை உடைத்தாலும், மூடுவதற்கு முன் மூன்று துளை போட்டு மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஆட்களும் இயந்திரமும் அங்கேதான் இருக்கின்றன.