பேர் வெட்டிய பிறகு எங்கே இருப்பது?

பிரட்டுக்களத்தில் தன் பேரைக் கூப்பிடாத அன்றுதான் தனக்கு வயதாகிவிட்டது தெரிந்தது என்றார், மஸ்கெலியாப் பகுதித் தோட்டமொன்றில் நாம் சந்தித்த அம்மா ஒருவர். 16 வயதில் கொழுந்துக் கூடையைத் தூக்கியவர். 60 வயதில் பேர் வெட்டினார்கள். எம்முடன் வந்திருந்த பங்குத்தந்தையைப் பார்த்து, "காசு வரும் சாமி. அத வச்சிக்கிட்டு எங்க போயி இருக்கிறதுன்னுதான் தெரியல" என்றார்.

காசு விடயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் கட்டும் 12 வீதமும் சேர்கின்றன. இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 வீதம் கட்டவேண்டும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட்சம்பளம் உண்டு. அதை 30 நாட்களுக்குள் கொடுக்கவேண்டும். எமது மக்கள் 'சர்வீஸ் காசு' என்பது இதைத்தான். 44 வருடம் உழைத்த இந்த அம்மாவுக்கு 616 நாட்சம்பளம். ஆனால் அரச உத்தியோகத்தரின் ஓய்வூதியம்போல இது மாதாமாதம் வருவதல்ல. ஒரே தடவைதான். அது கைக்கு வருமுன்னரே மூத்த மகன் காணிக்கும், இளையவர் முச்சக்கரவண்டிக்கும், மகள் பேத்தியின் கலியாணத்துக்கும் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

லயத்திலேயே இருந்துவிட்டால் என்ன? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. மழைக்கு ஒழுகும் தகரம். குடும்பத்தில் ஒருவராவது செக்ரோலில் இருக்கும்வரை பெரிதாகக் கேள்வி வராது. அதன் பிறகு என்னவென்று யாரும் உறுதி சொல்வதில்லை. ஆயினும் லயத்தைக் குறைவாகப் பேச எமக்கு மனம் வரவில்லை. காலை எட்டு மணிவரை கதவு திறக்காவிட்டால் பக்கத்துக் காம்பராவிலிருந்து யாராவது வந்து தட்டுவார்கள். அதே லயத்துப் பெரியவர் ஒருவர் கொழும்பில் மகனின் வாடகை வீட்டுக்குப் போய் மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். மகன் நல்லவர், மருமகளும் நல்லவர். பகல் முழுவதும் பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் உறவினர் உள்ளவர்களும் உண்டு. 1958, 1977 கலவரங்களுக்குப் பின் அங்கு குடியேறியவர்களின் பிள்ளைகள் அவர்கள். நிலம் சமதரை, முழங்காலுக்கு நல்லது. ஆனால் குளிரில் வளர்ந்த உடம்புக்குச் சித்திரை வெயில் எப்படி ஒத்துவரும் என்பதை ஒருமுறை போய்த் தங்கிப் பார்த்தே தீர்மானிக்கவேண்டும்.

மலையில் காணி வாங்குவோர் முதலில் மண்ணைப் பார்க்கட்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. சரிவில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், புதிதாகக் கிளம்பிய ஊற்று, கலங்கி வரும் ஊற்றுநீர் ஆகியவற்றைக் கண்டால் விலை எவ்வளவு மலிவானாலும் அந்த இடம் வேண்டாம். மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டறியலாம். மாதம் ஒருமுறை பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கிளினிக் போகவேண்டிய வயதில் பஸ் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம்.

அடுத்தது கடதாசி. எமது அனுபவத்தில் முதியோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அரசாங்க உத்தரவுப் பத்திரக் காணியைப் பிரதேச செயலகத்தின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. முத்திரை ஒட்டி நான்கு சாட்சி வைத்து எழுதித் தந்தாலும் அது உறுதியாகாது. தோட்ட வீடமைப்பில் 7 பேர்ச்சில் வீடு கிடைத்தவர்களிலும் பலருக்கு இன்னும் உறுதி கிடைக்கவில்லை; அத்தகைய வீட்டைப் பெருப்பிக்கச் சேமலாபக் காசு முழுவதையும் கொட்டுமுன் யோசிக்கவேண்டும்.

தனியார் காணியை மகன் பெயரில் வாங்குவதானால், தாய் தகப்பனுக்குச் சீவிய உருத்து வைத்து நொத்தாரிசிடம் உறுதி எழுதுவிக்கலாம். அப்போது அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை அவர்களுடையது. பிள்ளையிடம் இதைக் கேட்பது வெட்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. மகன் முந்தி இறந்து மருமகள் விதவையானாலும், கடனுக்குக் காணி போகும் நிலை வந்தாலும், கிழவி அடுப்படி மூலையிலிருந்து தெருவுக்கு வரவேண்டியதில்லை.

அந்த அம்மா இதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். மகனிடம் தானே சொல்வதாகப் பிறகு கூறினார். காசில் பாதியைத் தன் பேரில் வங்கியில் போட்டுவிட்டு, மீதியைத்தான் காணிக்குக் கொடுப்பாராம். இளையவரின் முச்சக்கரவண்டி பற்றி வாயே திறக்கவில்லை. நாம் புறப்படும்போது வாசல்வரை வந்து, "நொத்தாரிசுகிட்ட போற அன்னிக்கு நீங்க யாராச்சும் கூட வரணும்" என்றார். அடுத்த மாதச் சம்பளம் முடிந்த சனிக்கிழமை போவதென்று ஏற்பாடு.