நிலமும் நீரும்

ஆறு மாசுறுவது கரையோரத்தில் மட்டும் நிகழ்வதன்று. எந்நிலத்தில் பெய்த மழை வழிந்து ஆற்றை அடைகிறதோ, அந்நிலம் முழுவதுமே நீரின் தன்மையை நிர்ணயிக்கிறது. நொய்யலாறு இதற்குத் தக்க சான்று.

அது தோன்றும் வெள்ளியங்கிரி மலையில், காட்டின் வேரும் சருகும் மழையை உறிஞ்சித் தெளிந்த நீராகக் கசியவிடுகின்றன. சமவெளியின் உழுநிலத்திலோ உரமும் பூச்சிக்கொல்லியும் வண்டலோடு ஓடையில் இறங்குகின்றன. கோயம்புத்தூரில் சாலையும் கூரையும் மண்ணை மூடியமையால், மழைநீர் உட்புகாமல் தெருவின் அழுக்கை வாரிச் செல்கிறது, சாக்கடையும் சேருகிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு மிகுதியாக இடப்பட்டது. நிறத்தை நீக்கிய பின்னரும் கரைந்த உப்பு நீரில் நின்றது. பாசனத்திற்கென 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை அக்கழிவின் தேக்கமாயிற்று. உழவர்களே அந்நீரை மறுத்தனர். கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றும் நிறுத்தும்வரை பட்டறைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

குழாயின் வாயை ஆணையினால் அடைக்கலாம். வயலிலும் வீதியிலும் பரந்து வழியும் மாசுக்கோ அடைப்பதற்கு வாய் இல்லை. ஓடைக்கரையில் புல்லையும் மரத்தையும் நிற்கவிடுதல், குளங்களைத் தூர்க்காதிருத்தல், உரத்தை அளவோடு இடுதல் ஆகியவையே அதற்குப் பரிகாரம். திருச்சபைகள் வைத்திருக்கும் வயலும் தோப்பும் பள்ளி வளாகமும் ஏதோ ஓர் ஓடைக்கு மேல்நிலமே. ஆகவே ஆற்றைக் குறித்து நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, நம் நிலத்தில் பெய்த மழை எதைச் சுமந்து வெளியேறுகிறது என்பதே.