கடலுக்குப் போகாத ஆறு... காட்டுக்குள் மூன்று நாள்!

மலையில் பிறக்கும், சமவெளியில் நடக்கும், கடலில் கலக்கும். ஆறு என்றால் இப்படித்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஒகவாங்கோ அந்தப் பாடத்துக்கு அடங்காத ஆறு. அங்கோலாவின் மேட்டு நிலங்களில் பிறந்து, நமீபியாவின் ஒரு சிறு துண்டைக் கடந்து, போட்ஸ்வானாவுக்குள் வந்து, காலஹாரி மணலில் விசிறிபோல விரிந்து அங்கேயே முடிந்துபோகிறது.

அது முடியும் இடம்தான் ஒகவாங்கோ டெல்டா. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1,000-வது இடமாகச் சேர்ந்த ஈரநிலம். அதன் நடுவே ஒரு தங்குமிடத்தில் மூன்று நாள் இருந்தேன். சிங்கம் பார்க்கத்தான் போனேன். பார்த்தது வேறு.

வேலி இல்லாத வீடு

டெல்டாவின் வாசல், மவுன் என்ற சிறு ஊர். அங்கிருந்து குட்டி விமானம். சக்கரம் வைத்த பெட்டியெல்லாம் அதில் ஏறாது. மடங்கக்கூடிய துணிப்பை மட்டும்தான். கீழே பழுப்பு மணல் ஓடிக்கொண்டே வந்து, திடீரென்று பச்சையும் நீலமுமாக மாறுகிறது. நாணலுக்கு நடுவே கோடு கிழித்தாற்போலத் தெரியும் வாய்க்கால்களில் பலவும் நீர்யானைகள் நடந்து நடந்தே திறந்துவைத்தவை.

மண் ஓடுதளத்தில் இறங்கியதும் வழிகாட்டி, “டுமேலா, ம்மா” என்றார். ‘டுமேலா’ என்றால் வணக்கம். பெண்களை அங்கே மரியாதையாக ‘ம்மா’ என்றுதான் அழைக்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்து இறங்கிய இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிக் களைப்பு போய்விட்டது.

மரப்பலகைத் தளத்தின் மேல் கூடாரம். சுற்றிலும் வேலி கிடையாது. முதல் விதி: இருட்டிய பிறகு தனியாக ஓரடிகூட வைக்கக் கூடாது, சாப்பிடப் போவதற்கும் துணைக்கு ஆள் வரும். ஏன் என்று அன்றிரவே புரிந்தது. கூடாரத்துக்குக் கீழே ஏதோ ‘கறக் கறக்’கென்று புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும் நீர்யானை, இரவில் கரையேறி மேய வருமாம். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அது போகும் வரை விழித்திருந்தேன்.

மழை இல்லாமல் வெள்ளம்

நான் போனது ஜூலை. அங்கே குளிர்காலம், பொட்டு மழை இல்லை. ஆனால், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது!

அங்கோலாவில் வருடத் தொடக்கத்தில் பெய்யும் மழை, சரிவே தெரியாத இந்த நிலத்தில் ஊர்ந்து ஊர்ந்து, டெல்டாவின் கடைக்கோடிக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது. சுற்றியுள்ள காடெல்லாம் காய்ந்து கிடக்கும்போது இங்கே மட்டும் வெள்ளம். அதனால்தான் யானைகளும் மான்களும் எங்கெங்கிருந்தோ இங்கே வந்து கூடுகின்றன. வருடத்துக்கு வரும் நீர் சுமார் 11 கன கிலோமீட்டர். நமக்குப் பழகிய கணக்கில் ஏறக்குறைய 390 டி.எம்.சி! அதில் பெரும்பகுதியை வெயிலும் செடிகொடிகளுமே குடித்துவிடுகின்றன.

கடலுக்கு வழியில்லாத நீர் நாளடைவில் உப்புக் கரிக்க வேண்டுமே? அந்த வேலையைத் தீவுகள் பார்த்துக்கொள்கின்றன. பல தீவுகளின் தொடக்கம் ஒரு கரையான் புற்று. அதன் மேல் மரம் முளைக்கிறது. மரங்கள் நீரை உறிஞ்ச, உப்பு தீவின் நடுவே மண்ணுக்கடியில் தங்கிவிடுகிறது. வெளியே தண்ணீர் நல்ல தண்ணீராகவே இருக்கிறது.

மொகோரோவில் ஒரு காலை

இரண்டாம் நாள் மொகோரோ பயணம். முன்பெல்லாம் ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஒடுக்கமான படகு இது. மரங்களைக் காப்பாற்ற இப்போது ஃபைபர் கிளாஸில் செய்கிறார்கள். படகோட்டி பின்னால் நின்று நீளமான கழியை ஊன்றித் தள்ளுவார். மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. நாம் உட்கார்ந்திருப்பது அல்லி இலையின் உயரத்தில்.

அந்த உயரத்திலிருந்து பார்த்தால் சின்னதெல்லாம் பெரிதாகிவிடுகிறது. நாணல் தண்டில் விரல் நகம் அளவுக்கு ஒரு தவளை. அல்லி இலைமேல் நடந்துபோன இலைக்கோழியைக் காட்டி, “அது அப்பா. முட்டையை அடைகாப்பதும், குஞ்சுகளை இறக்கைக்கு அடியில் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அப்பாதான்” என்றார் படகோட்டி. லெச்வி மான் கூட்டம் ஒன்று தண்ணீரைச் சிதறடித்தபடி துள்ளி ஓடியது.

திடீரென்று படகை நாணலுக்குள் ஒதுக்கி நிறுத்தினார். எதிரே யானைகள். ஒரு தாய், இரண்டு இளசுகள், துதிக்கையை மட்டும் மேலே நீட்டியபடி நீந்திவரும் ஒரு குட்டி. கடைசி யானை கரையேறும் வரை நாங்கள் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

அம்மாவின் கொல்லை

“படம் நன்றாக வந்ததா, ம்மா?” என்று கேட்டார். காட்டினேன். சிரித்தார். பிறகு, கழியை ஊன்றிக்கொண்டே சொன்னார்.

“என் அம்மா ஊரில் மக்காச்சோளம் போட்டிருந்தார். ஒரே ராத்திரியில் யானைகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டன. யானைச் சாணத்தில் மிளகாய்த்தூளைக் கலந்து கொல்லையைச் சுற்றிப் புகை போடுவோம். சில நாள் பலிக்கும், சில நாள் பலிக்காது. யானை இல்லாவிட்டால் நீங்கள் வரமாட்டீர்கள். நீங்கள் வராவிட்டால் எனக்கு வேலை இல்லை. ஆனால், அம்மாவிடம் போய் இந்தக் கணக்கைச் சொல்ல முடியுமா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. போட்ஸ்வானாவில் யானைகள் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம். உலகிலேயே அதிக யானைகள் இருக்கும் நாடு அதுதான். 2014-ல் அங்கே யானை வேட்டைக்குத் தடை வந்தது. 2019-ல் அது நீக்கப்பட்டது. நீக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, இப்படிப்பட்ட அம்மாக்களின் கொல்லைகள். சரியா, தவறா என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது எளிது.

டெல்டாவுக்குள் இருக்கும் மொரேமி சரணாலயத்தின் கதையும் அப்படித்தான். வேட்டையால் விலங்குகள் அருகிவருவதைக் கண்ட பட்டவானா மக்கள், 1963-ல் தங்கள் நிலத்தையே ஒதுக்கி அதை உருவாக்கினார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால், உள்ளே குடியிருந்த சான் பழங்குடியினர் இடம்பெயர நேர்ந்தது. தண்ணீர் விஷயமும் வேறில்லை. அங்கோலாவுக்கும் நமீபியாவுக்கும்கூட விவசாயம் வேண்டும், மின்சாரம் வேண்டும். ஆற்றைப் பற்றிக் கலந்துபேச, 1994-ல் மூன்று நாடுகளும் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்திருக்கின்றன. மேலே இருப்பவர்கள் விட்டால்தான் கீழே டெல்டா. நாம் மூன்று நாள் ரசித்துவிட்டு வருகிற காடு, யார் யாரோ விட்டுக்கொடுத்ததால் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு...

தண்ணீரும் விலங்குகளும் நிறைந்திருக்கும் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. விடியற்காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் கட்டாயம். மலேரியா தடுப்பு பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். டெல்டாவுக்குள் தங்கச் செலவு அதிகம். அது முடியாதவர்கள் மவுனில் தங்கி, உள்ளூர் மக்களே நடத்தும் ஒருநாள் மொகோரோ பயணம் போகலாம். பணம் நேராக அவர்கள் கைக்குப் போகும்.

கடைசி நாள் காலையில் சிங்கத்தின் காலடித் தடம் மட்டும் ஈர மணலில் பார்த்தேன். சிங்கம் வரவில்லை. விமானம் ஏறும் முன் படகோட்டியின் கையில் கொஞ்சம் பணம் வைத்தேன். அந்த நாட்டுப் பணத்தின் பெயர் ‘பூலா’. அதற்கு மழை என்றும் அர்த்தம். வாழ்த்துச் சொல்லும்போதும் அதையே சொல்வார்கள்.

“பூலா, ம்மா. நல்ல மழை பெய்யட்டும்” என்றார்.

“எங்கே?” என்று கேட்டேன்.

“அங்கோலாவில்” என்றவர், ஒரு நொடி யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: “கொஞ்சம் அம்மாவின் கொல்லையிலும்.”